ம் கொட்ட ஆள் தேவை

மொத்தம் நாற்பத்தொரு நோட்டுகள். அவை முடிகிற நாளில் நிலோஃபரின் வேலையும் முடிந்துவிடும். சேரும்போதே பேசிக்கொண்ட ஏற்பாடு அது. விஜயஸ்ரீ மேடம் சொன்னதும் அதுதான், வீட்டில் வாப்பா சம்மதித்ததும் அதுவரைக்கும்தான். "நோட்டு முடியுற வரைக்கும் போயிட்டு வா. அதுக்குப் பொறவு வேலை கீலைன்னு பேசப்படாது, சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறவிட்டார்.

1997, ஆடி மாதம். பாளை மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் கீச்சுக் கீச்சென்று கத்தும் ஒரு யு.பி.எஸ். கம்பெனி என்பது அவ்வளவுதான். விஜயஸ்ரீ மேடம் சென்னையில் எட்டு வருஷம் புரோகிராம் எழுதியவர். கணவருக்கு இங்கே கல்லூரியில் வேலை கிடைத்ததும் கூடவே வந்துவிட்டார். ஊரில் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லாம் ஜாதகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கடைகளுக்குப் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று இவர் பலகை மாட்டினார். படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் அப்போதும் ஜாதகம்தான் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மீதிப் பாதியில் ஒருவர் பேட்டை மதார் டெய்லர். அவர் கஷ்டம் அவருக்கு. பேட்டை ஆம்பிளைகளில் நிறையப் பேர் துபாயிலும் ஷார்ஜாவிலும் இருந்தார்கள். திடீரென்று போன் வரும். "மதாரு, லீவுல வாரேன். பழைய அளவுலயே ஆறு சட்டை தச்சு வை." வைத்துவிடுவார்கள். பழைய அளவு எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில் என்று இருபது வருஷத்து நோட்டுகளைப் புரட்டுவதற்குள் மதாருக்கு ஒரு நாள் போய்விடும். பேரைத் தட்டினால் அளவு வந்து நிற்க வேண்டும், அதுவும் தீபாவளித் தையலுக்கு முன்னால். அதற்காகத்தான் அந்த நாற்பத்தொரு நோட்டுகளும் மூட்டையாக மாடிக்கு வந்தன. அவற்றை டைப் அடிக்கத்தான் நிலோஃபர் வந்தாள்.

புரோகிராம் எழுதும் பொறுப்பு சிவசைலத்துக்கு. அம்பாசமுத்திரத்துக்காரன், இருபத்தேழு வயது, எம்.சி.ஏ. படித்தவன், கெட்டிக்காரன். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதிய புரோகிராமைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்பது அவனுக்கே விளங்கும். சும்மா சொன்னாலும் போதாது, எதிரே ஒருவர் "ம்" கொட்ட வேண்டும். "ம்" இல்லாவிட்டால் நாலாவது வரியிலேயே அவனுக்குச் சொல் நின்றுவிடும். முன்பெல்லாம் கீழே மருந்துக்கடைக்காரரைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்தில் அந்த மனிதர் இவன் படி இறங்கும் சத்தம் கேட்டாலே கடையின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நிலோஃபர், நீ டைப் அடிச்சுக்கிட்டே இவனுக்கு ம் கொட்டிரு. காது சும்மாதானே இருக்கு" என்று மேடம் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மேடத்துக்குத் தெரியாத சங்கதி, அந்த வேலையில் நிலோஃபர் பத்து வருஷ அனுபவசாலி.

அவள் வாப்பா அசன் மைதீன் டவுன் பஸ் டிரைவர். பேட்டையிலிருந்து பாளைக்கும் பாளையிலிருந்து பேட்டைக்கும் நாளெல்லாம் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ஓட்டின வண்டியை வாயால் இன்னொரு தடவை ஓட்டுவார். ஒரு ஸ்டாப் விடாமல் சொல்வார். அதற்கு ம் கொட்ட வேண்டும். உம்மா சபீதா கல்யாணமான முதல் வருஷத்தோடு அந்த உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டாள். பன்னிரண்டு வயதில் நிலோஃபர் அதை ஏற்றுக்கொண்டாள்.

"ஜங்ஷன்ல வண்டிய எடுத்தேன்."

"ம்."

"ஆத்துப்பாலம் ஏறுதேன், எதுக்க ஒரு வைக்கோல் வண்டி."

"ம்... ம்."

"ஏ பிள்ள, நான் இன்னும் பாலத்துலயே நிக்கேன். நீ அதுக்குள்ள ரெண்டு ம் போட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போயிட்டியாக்கும்?"

சில நாள் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப்பை விட்டுவிட்டு, இவள் கவனிக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். "ம்" வராது. "எங்க, ம்மைக் காணோம்?" என்பார். "முருகன்குறிச்சில நிக்கவே இல்லயே வாப்பா" என்பாள். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சிரிப்புத் தாங்காது.

இப்படி வளர்ந்தவளுக்குப் பொய்யாக ஒரு "ம்" போடத் தெரியாது. விரல்கள் மதாரின் அளவுகளை அடித்துக்கொண்டிருக்கும், காது சிவசைலத்தின் பின்னால் ஒவ்வொரு ஸ்டாப்பாக ஏறி இறங்கும். ஒன்றிலிருந்து அடுத்தது ஒழுங்காக வந்தால் "ம்" தானாக வரும். வராவிட்டால் வராது. சேர்ந்த நாலாம் நாளே அது நடந்தது.

"கழுத்து அளவை எடுத்துக்கிடுதேன்."

"ம்."

"நெஞ்சு அளவை எடுத்துக்கிடுதேன்."

"ம்."

"மொத்தத்தையும் பிரிண்டருக்கு அனுப்புதேன்."

சத்தமே இல்லை.

சிவசைலம் திரும்பிப் பார்த்தான். "என்னம்மா?"

"கை நீளத்தை எடுக்கலயே சார்."

எடுத்திருக்கவில்லைதான். அப்படியே விட்டிருந்தால் பேட்டை முழுக்கக் கையில்லாத சட்டை போட்டுத் திரிந்திருக்கும். அவனுக்கு முதலில் ரோஷமாக இருந்தது. டைப் அடிக்க வந்த பெண் ம் போடாததற்கெல்லாம் புரோகிராமைத் திருத்துவதா? ஆனால் அவள் மௌனமான இடங்களில் எல்லாம் தப்பு இருந்தது. எட்டு தடவைக்கு எட்டு தடவை. பிறகு அவன் வாதாடுவதை விட்டுவிட்டான். "ம்" நின்றால் தானாகவே இரண்டு வரி பின்னால் போய்ப் பார்ப்பான், கண்டுபிடித்துவிட்டால் முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பான்.

நிலோஃபருக்கோ ம் கொட்டக் கொட்டப் புரோகிராமே பிடிபட ஆரம்பித்தது. வேண்டாமென்று போட்ட பிரிண்ட் தாள்களை வாங்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் படித்தாள். புரியாத வரியை மறுநாள் கேட்டாள். பி.எஸ்.சி. கணக்கில் மூன்று வருஷமாக வராத ஒரு சந்தோஷம், அந்தக் கோடு போட்ட நீளத் தாள்களைப் படிக்கும்போது வந்தது. காலையில் மாடிப்படி ஏறுகிறபோது கால் தரையில் பாவாத மாதிரி இருக்கும். இந்த வேலையை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அதில்தான் சிக்கலும். அவள் கை வேகம். பத்து நோட்டு, இருபது நோட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பைய அடித்தால் இன்னும் பத்து நாள் கூட வரலாமே என்று ஒரு நாள் முயன்று பார்த்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. கைக்கு அந்தச் சூது தெரியவில்லை. வேகமாக வேலை செய்கிறவளுக்குச் சீக்கிரம் வேலை போகும் என்றால் இது என்ன ஏற்பாடு என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

இன்னொரு விஷயத்திலும் கை கேட்கவில்லை. மதாரின் நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு பட்டப்பேர் இருக்கும். முட்டைக்கடை, ஒத்தைக்கண்ணாடி, சிலோன், பல்லாக்கு என்று. சிவசைலம் முதல் நாளே சொல்லியிருந்தான்: "அதெல்லாம் வேண்டாம், விட்டுரு. கம்ப்யூட்டர்ல போய் ஒரு மனுசனைப் பட்டப்பேரு சொல்லி ஏத்துனா மரியாதையாவா இருக்கும்? நாளைக்குப் பில்லுல பிரிண்ட் ஆகி வந்தா வெட்டுக்குத்து ஆயிரும்." சொன்னது நியாயம்தான். ஆனால் தாளில் எழுதியிருக்கிறதை அடிக்காமல் தாண்டிப்போவது ஸ்டாப்பை விடுகிற மாதிரி அவளை உறுத்தியது. காலர், பை பற்றி எழுதுவதற்குக் 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதில் பட்டப்பேரையும் சேர்த்து அடித்துவைத்தாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

முப்பத்தாறு நோட்டு ஏறியதும், கடையில் கொண்டுபோய் மாட்டிப் பதினைந்து நாள் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. கிளம்புவதற்கு முந்தின நாள் சிவசைலம் கடைசிப் பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஆளு மூணு நாலு நோட்டுல வருவாரு. வருசா வருசம் அளவு எடுத்திருப்பாங்கள்லா?"

"ம்."

"பேரு, இனிஷியல், தெரு. மூணும் ஒண்ணா இருந்துச்சுன்னா, ஒரே ஆளு."

நிலோஃபர் தட்டிக்கொண்டிருந்தாள். "ம்" வரவில்லை.

"ஒரே ஆளா? அப்ப கடைசியா எடுத்த அளவை வச்சுக்கிட்டு பழசையெல்லாம் அடிச்சிருதோம்."

அதற்கும் வரவில்லை.

"என்னம்மா, சொல்லு."

"வரல சார்."

"ஏன் வரல?"

"தெரியல. எங்கனயோ இடிக்கி."

"ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்கும்னு சொல்லுதியா? அதுக்குத்தானே இனிஷியல் இருக்கு, தெரு இருக்கு. வேற என்ன?"

அவளுக்கு இடிக்கிறது என்பது தெரிகிறது, எங்கே என்பது தெரியவில்லை. "அடிச்ச பழசெல்லாம் அழிஞ்சு போயிருமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"அழியாது. கோடு போட்டு அடிச்ச மாதிரிதான். வெளிய தெரியாது, உள்ள கெடக்கும். ஒரேயடியா தூக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு வரி எழுதணும்."

"அந்த வரிய எழுதாதீங்க சார். கெடக்கட்டும்."

"சரி, எழுதலை. இப்ப ம் சொல்லு. நாளைக்குக் காலையில கொண்டுபோய் மாட்டணும்."

"வராததை எப்படி சார் சொல்ல?"

அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தடவை கரண்ட் போயிருந்தது. மதார் இரண்டு தடவை போன் செய்திருந்தார். சிவசைலத்துக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நீ டைப் அடிக்க வந்தவ. அதை மட்டும் பாரு" என்றான். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தனக்குத்தானே ஒரு "ம்" போட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். அந்த "ம்" செல்லாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குமே தெரியும்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் அவன் அவளிடம் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. நிலோஃபருக்கு அழுகை அழுகையாக வந்தது. மீதி ஐந்து நோட்டையும் வாய் திறக்காமல் அடித்து முடித்தாள். நாற்பத்தோராவது நோட்டின் கடைசிப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு முடிந்தது. நோட்டை மூடி மற்ற நாற்பதின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு மதார் கடைக்கு நீயும் வா. மீதி அஞ்சு நோட்டையும் அங்க ஏத்திருவோம். நோட்டு உனக்குத்தான் தலைகீழாத் தெரியும்" என்றார் மேடம். அதோடு சரி என்று நிலோஃபர் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மதார் டெய்லர்ஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டருக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மதார் எல்லோருக்கும் கலர் சோடா வரவழைத்தார். "பதினஞ்சு நாளா சிட்டாப் பறக்குது மேடம். பேரைத் தட்டுனா அளவு. சீட்டு அடிச்சு வருது. சீட்டை கருத்தையா கையில குடுத்தா துணிய வெட்டிப் போட்டுருதான்." பின்கட்டில் கத்தரியோடு நின்ற கருத்தையா சாத்தான்குளத்தான். போன மாதம்தான் வந்து சேர்ந்தவன். பேட்டையில் யார் யார் என்று அவனுக்குத் தெரியாது, சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும்.

அப்போது வாசலில் தலையைக் குனிந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நிலையில் இடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அவர் எந்தக் கடைக்குள்ளும் அப்படித்தான் வர முடியும். ஷார்ஜாவிலிருந்து வியாழக்கிழமை இறங்கியவர். மறுநாள் ஞாயிறு அவர் தங்கைக்குக் கல்யாணம். போனில் சொன்ன இரண்டு சட்டையையும் வாங்க வந்திருந்தார்.

"வாங்க வாங்க! கம்ப்யூட்டர் தச்சு வெளிய போற மொத சட்டை உமக்குத்தான் வே. போட்டுக் காட்டும், மேடமும் பாக்கட்டும்" என்று மதார் பெருமையாக உறையைப் பிரித்தார்.

அவர் மறைப்புக்குப் பின்னால் போனார். போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை. "என்ன வே, பட்டன் தெரியலயா?" என்றார் மதார். மறைப்பு விலகியது.

கைகள் முழங்கையைக் கொஞ்சம் தாண்டி நின்றுபோயிருந்தன. கீழ் ஓரம் இடுப்புக்கே வரவில்லை. ஆனால் அகலம் மட்டும் தாராளம். அந்த மனிதர் உள்ளே ஒரு பக்கமாக நிற்க, மறுபக்கம் இன்னொரு ஆள் வாடகைக்கு வரலாம் போல இருந்தது.

சிவசைலத்தின் முகம் வெளிறிப்போனது.

"மதாரு," என்றார் அவர் நிதானமாக. "நான் ஷார்ஜாவுல வேலைதான் பாக்கேன். சுருங்கி விரியலை."

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்யாண வீட்டு அவசரமாக இன்னொருவர் வந்து நுழைந்தார். குள்ளம், நல்ல பருத்த உடம்பு. ஷார்ஜாக்காரரின் பெரியாப்பா மகன், பேட்டையில் மளிகைக்கடை. தம்பி நின்ற கோலத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "லே, அதைக் கழத்து" என்றார். வாங்கித் தானே போட்டுப் பார்த்தார்.

கச்சிதம். கழுத்து கச்சிதம், கை கச்சிதம், வயிற்றில் ஒரு மடிப்பு இல்லை.

"எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு!"

"உமக்குன்னு எடுத்த அளவுதான் வே அது" என்று மதார் தலையில் கையை வைத்தார். "இவரு அப்துல் காதர் மகன், ஏ. முகம்மது மைதீன். அவரு அகமது மகன், அவரும் ஏ. முகம்மது மைதீன். ரெண்டு பேருக்கும் தாத்தா பேரு. ஒரே வீடு, ஒரே தெரு. அதுக்குத்தானே நான் நோட்டுல தெளிவா... " மதார் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"நோட்டுல தெளிவா என்ன எழுதியிருக்கே?" என்று இரண்டு மைதீன்களும் சேர்ந்து கேட்டார்கள்.

மதார் மேடத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "ஒமக்கு நெட்டைன்னு" என்றார் மெதுவாக. "அண்ணனுக்கு... பீப்பான்னு."

"பீப்பாவா? பதினஞ்சு வருசமா என் வீட்டுச் சோறைத் தின்னுட்டு என்னைய பீப்பான்னா எழுதி வச்சிருக்கே?"

முதலில் சிரித்தது நெட்டைதான். சிரித்துச் சிரித்து நாற்காலியில் விழுந்தார். அவரைப் பார்த்துக் கருத்தையா, கருத்தையாவைப் பார்த்து மேடம், கடைசியில் பீப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சட்டை ரெண்டும் எனக்கு. கல்யாணத்துக்குப் போட்டுக்கிடுதேன். இவனுக்கு நாளைக்கு விடியுறதுக்குள்ள வேற தச்சுரு" என்று உறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்பு அடங்கியதும் மதார் கேட்டார்: "எல்லாம் சரி. என் நோட்டுல பொடி எழுத்துல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

"நான்தான் பாய் வேண்டாம்னு சொன்னேன்" என்றான் சிவசைலம். "பட்டப்பேரு மரியாதை இல்லையேன்னு..." சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். "எங்க வீட்டுலயே ரெண்டு சிவசைலம் இருக்கோம்! என்னைய சின்னச் சைலம்னுதான் கூப்புடுவாங்க. எனக்கு ஏன் இது தோணலை?"

திருத்த வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எப்போதும் போலச் சத்தமாக ஆரம்பித்தான். "முதல்ல..." அதற்கு மேல் வரவில்லை. மேடம் பார்த்துக்கொண்டு நின்றார். மதார் பார்த்துக்கொண்டு நின்றார். வேர்வைதான் வந்தது.

நிலோஃபருக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. அதைவிட, என்ன செய்ய வேண்டும் என்பது ஸ்டாப் ஸ்டாப்பாக அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சார், நான் சொல்லட்டுமா?" என்றாள். "நீங்க ம் கொட்டுங்க."

சிவசைலம் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.

"கோடு போட்டு அடிச்சதெல்லாம் உள்ளயே கெடக்கு. மொதல்ல அதை எல்லாத்தையும் திரும்ப எழுப்புதோம்."

"ம்."

"பட்டப்பேரை நான் விடலை சார். குறிப்புக் கட்டத்துல அடிச்சு வச்சிருக்கேன். நாப்பத்தொரு நோட்டுக்கும்."

அவன் வாய் திறந்தபடி நின்றான். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ம் சொல்லுடா" என்றார்.

"ம்!"

"பேரு, இனிஷியல், தெரு, அதோட பட்டப்பேரு. நாலும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே ஆளு."

சத்தம் இல்லை. நிலோஃபர் திரும்பிப் பார்த்தாள். சிவசைலத்தின் புருவம் சுருங்கியிருந்தது.

"வரல" என்றான். "இவரு இப்ப நெட்டை. அடுத்த வருசம் மதார் பாய் 'ஷார்ஜா மைதீன்'னு எழுதிட்டா? ஒரே ஆளு ரெண்டு ஆளாயிருவாரே?"

அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எத்தனை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டான்! இத்தனை நாள் தன் மௌனம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"அப்ப கம்ப்யூட்டர் முடிவு பண்ண வேண்டாம் சார்" என்றாள் யோசித்து. "சந்தேகம் வந்தா எல்லாரையும் வரிசையாக் காட்டட்டும். பட்டப்பேரோட. யாருன்னு மதார் மாமா பாத்துச் சொல்லட்டும். ஸ்கிரீன்ல மட்டும்தான் காட்டணும், சீட்டுலயும் பில்லுலயும் வரப்படாது."

"ம்ம்ம்" என்றான் சிவசைலம். இந்தத் தடவை அதில் ராகம் இருந்தது.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது. அடிபட்டுக் கிடந்தவர்களில் நூற்றுப் பன்னிரண்டு பேர் உயிரோடு திரும்பி வந்தார்கள். அதில் மைதீன் மட்டும் இருபத்தாறு. மதார் ஒவ்வொரு பேராகப் பார்த்து, "ஏயப்பா, இவன் போயிட்டானா? இவனையுமா?" என்று பிள்ளைகளைக் கண்டெடுத்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். கருத்தையா நெட்டையின் சரியான அளவுச் சீட்டை வாங்கிக்கொண்டு துணியை விரித்தான்.

கடைப் படியிறங்கும்போது சிவசைலம் நின்றான். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீ வரலைன்னு சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும்" என்றான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

"திங்கக்கிழமை என்ன செய்யப்போறே?" என்று கேட்டார் மேடம்.

"நோட்டு முடிஞ்சுபோச்சே மேடம்."

"டைப் அடிக்க வேண்டிய நோட்டு முடிஞ்சுது. இனிமே எனக்கு டைப் அடிக்க ஆள் வேண்டாம், புரோகிராம் எழுத ஆள் வேணும். நீ எழுது, அவன் ம் கொட்டட்டும். அவன் எழுதினா நீ கொட்டு. இன்னொருத்தர் ம் இல்லாம இனிமே நம்ம மாடியில இருந்து ஒரு வரி கீழ இறங்கக்கூடாது. வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லு."

"இவ இருந்தாத்தான் நல்லது மேடம்" என்றான் சிவசைலம்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் நிலோஃபர் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். வாசலில் வாப்பாவின் செருப்பைப் பார்த்ததும்தான் "நோட்டு முடியுற வரைக்கும்" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

வாப்பா டியூட்டி முடிந்து வந்து, டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில மொத நடை. டவுன்ல வண்டிய எடுத்தேன்..."

"வாப்பா, இன்னைக்கு நான் சொல்லுதேன். நீங்க ம் கொட்டுங்க."

அடுக்களையிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் வாப்பா யாருக்கும் ம் கொட்டியதாகச் சரித்திரம் இல்லை. அவர் டம்ளரோடு மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சரி. எடு வண்டிய" என்றார்.

அவள் எடுத்தாள். நோட்டு, பட்டப்பேர், வராத "ம்", சிவசைலம் சாரின் கோபம், மல்லிகைச் சரம், மறைப்பு விலகியது என்று ஒரு ஸ்டாப் விடாமல் சொன்னாள். வாப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டார். பீப்பா மைதீன் சட்டையோடு கிளம்பிய இடத்தில் டீ புரையேறி, உம்மா வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்பி வந்ததற்கு ஒரு பெரிய "ம்" கிடைத்தது.

"மேடம் திங்கக்கிழமை வரச் சொல்லுதாங்க. டைப் அடிக்க இல்ல, புரோகிராம் எழுத."

"ம்" வரவில்லை.

"சைலம் சாரும் நான் இருந்தாத்தான் நல்லதுன்னு சொல்லுதாங்க."

வரவில்லை.

"மதார் மாமா கூட..."

வாப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நிலோஃபர் கேட்டுவிட்டாள்: "ஏன் வாப்பா, ம்மைக் காணோம்?"

"ஒரு ஸ்டாப்ப விட்டுட்டியே பிள்ள."

"எதை?"

"மேடம் சொல்லுதாங்க, சார் சொல்லுதாரு, மதார் சொல்லுதான். எம்மவ என்ன சொல்லுதா? அங்கன வண்டி நிக்கவே இல்லயே?"

உம்மா கையில் கரண்டியோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"எனக்கு இந்த வேலை வேணும் வாப்பா" என்றாள் நிலோஃபர். "எனக்கு இது நல்லா வருது. ரொம்பப் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமையும் போகணும், அதுக்குப் பொறவும் போகணும்."

வாப்பா முகவாயைத் தடவினார். ஜங்ஷன் சிக்னலில் நிற்பவர் மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தார். பிறகு காலை நீட்டிச் சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"ம்" என்றார். "பொறவு?"